பழைய ஆம்னி வேனில் ஹாரன் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1984-இல் மாருதி வேன் என்று வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால் கேன், பந்தல் சாமான், காய்கறி மூட்டை என்று இன்றும் ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹாரன் மக்கர் செய்தால் பெரும்பாலானோர் நேரே கடைக்குப் போய்ப் புது ஹாரன் வாங்கி மாட்டுகிறார்கள். பல சமயம் பழைய ஹாரனில் ஒரு குறையும் இருக்காது. அது இருக்கும் இடத்துக்குக் கரன்ட் முழுதாக வந்து சேர்ந்திருக்காது, அவ்வளவுதான். அதனால் புது ஹாரனும் ஒரு மாதத்தில் பழையபடி முனகும். காசு செலவழிப்பதற்கு முன் எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதற்குத்தான் இந்தப் பக்கம். சொல்வதெல்லாம் ஆம்னியை மனத்தில் வைத்துத்தான் என்றாலும், ஏர்பேக் இல்லாத மற்றப் பழைய 12 வோல்ட் வேன்களுக்கும் அநேகமாகப் பொருந்தும்.

ஹாரன் சுத்தமாக அடிக்கவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

சாவியை ஆன் செய்து, ஹாரனை அமுக்கி, காது கொடுத்துக் கேளுங்கள். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தமாவது வருகிறதா? வந்தால் அது எங்கிருந்து வருகிறது, முன் பம்பர் பக்கமா, டேஷ்போர்டு அடியிலா? இந்த ஒரு தகவலே பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

எந்தச் சத்தமும் இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் பெட்டி மூடியிலேயே எது எதற்கு என்று எழுதியிருக்கும். பல வண்டிகளில் ஹாரனும் பிரேக் லைட்டோ ஹசார்டு விளக்கோ ஒரே ஃபியூஸைப் பகிர்ந்துகொள்ளும். அப்படி இருந்தால், ஹாரனோடு சேர்ந்து அந்த விளக்கும் எரியாமல் போயிருக்கிறதா என்று பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதோடு விடாமல், ஃபியூஸின் இரண்டு கால்களும் உட்காரும் பித்தளை வாயையும் கவனியுங்கள். பழைய வண்டியில் அந்த வாய் விரிந்துபோய், ஃபியூஸ் ஆடிக்கொண்டிருக்கும். பச்சை பூத்திருந்தாலோ பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தாலோ, ஃபியூஸ் நல்லதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. அடுத்து?

நேரே ஹாரனிடம் போங்கள். ஸ்டியரிங்கைக் கழற்றுவதோ டேஷ்போர்டைப் பிரிப்பதோ பிறகு. ஹாரன் முன்பக்கம் பம்பரை ஒட்டி இருக்கும். முன்பு வைத்திருந்தவர்கள் இடம் மாற்றியிருக்கவும் கூடும், ஆகவே வயரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

தேவையான கருவி ஒன்றே ஒன்று: ஒரு செக் பல்பு. ஹெட்லைட்டில் ஒரு இழை மட்டும் போய்க் கழற்றி எறிந்த பழைய பல்பு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 55 வாட் இழை 12 வோல்ட்டில் ஏறத்தாழ நாலரை ஆம்பியர் இழுக்கும். ஒரு சாதாரண ஹாரன் இழுப்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான், மூன்றிலிருந்து ஐந்து ஆம்பியர். இதைவிடப் பொருத்தமான சோதனைப் பல்பு கடையில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. நல்லாக இருக்கும் இழைக்கு இரண்டு வயர் பற்றவைத்து வைத்துக்கொண்டால் காலத்துக்கும் உதவும். கண்ணாடி சுடும், கையில் பிடிக்காதீர்கள்.

ஹாரனில் இருந்து இரண்டு வயரையும் உருவி, அந்த இரண்டு முனைக்கும் நடுவே பல்பை மாட்டுங்கள். சாவி ஆன். ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஹாரனை அமுக்கச் சொல்லுங்கள்.

பல்பு பளிச்சென்று எரிந்தால் வயரிங் முழுக்கச் சரி, கோளாறு ஹாரனில்தான். இப்போது தைரியமாக ஹாரனைக் கழற்றலாம்.

மங்கலாக எரிந்தால் கரன்ட் வருகிறது, ஆனால் வழியில் எங்கோ பிடிப்பு சரியில்லை.

எரியவே இல்லையென்றால் பல்பின் ஒரு வயரை எடுத்து, பெயின்ட் சுரண்டிய பாடி இரும்பில் வையுங்கள். இன்னொரு வயரால் ஹாரனின் இரண்டு வயரையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் ஹாரனுக்குப் பாசிட்டிவ் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். ஸ்டியரிங் பட்டன் செய்வது இன்னொரு வயரை எர்த்தோடு, அதாவது பேட்டரி நெகட்டிவோடு இணைந்த பாடி இரும்போடு, சேர்ப்பது மட்டும்தான். ஆகவே ஒரு வயரில் அமுக்காமலேயே பல்பு எரிய வேண்டும். எரிந்தால் பேட்டரியிலிருந்து ஹாரன் வரை ஒழுங்கு, கோளாறு பட்டன் பக்கம். எரியாவிட்டால் ஃபியூஸுக்கும் ஹாரனுக்கும் நடுவில் வயர் அறுந்திருக்கிறது அல்லது கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) பிடிப்பு விட்டிருக்கிறது.

சில வண்டிகளில், அல்லது யாராவது ரிலே (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) போட்டு மாற்றிய வண்டிகளில், ஹாரனுக்கு ஒரே வயர்தான் வரும். மறுபக்கம் ஹாரன் முனையிலோ தாங்கியிலோ எர்த் ஆகியிருக்கும். அங்கே அமுக்கும்போது மட்டும் அந்த வயரில் கரன்ட் வரும். பல்பை அந்த வயருக்கும் பாடிக்கும் நடுவே வைத்துப் பார்த்தால் போதும்.

மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. ஆனால் ஹாரன் அடிக்கவில்லை. மீட்டர் பொய் சொல்லுமா?

சொல்லாது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி வேறு, அது சொன்ன பதில் வேறு. மல்டிமீட்டர் அளக்கும்போது வயரிலிருந்து கரன்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். இருபது இழைச் செம்புக் கம்பியில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டரில் 12 வரும். அதே வயரில் நாலு ஆம்பியர் ஓடவேண்டும் என்றதும் வோல்ட் பொத்தென்று விழுந்துவிடும்.

ஆகவே ஹாரன் வயரைக் கழற்றாமல், அமுக்கிக்கொண்டே அளக்க வேண்டும். ஹாரனின் இரண்டு முனைகளிலும் மீட்டர் முட்களை வைத்து அமுக்கச் சொல்லுங்கள். பேட்டரியில் 12.5 இருந்தால் இங்கே 12-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. 11.5 என்றால் கவனிக்க வேண்டிய நிலை. 10, 9 என்று இறங்கினால் ஹாரன் கத்தாது.

இழந்த வோல்ட் எங்கே போனது என்பதையும் மீட்டரே காட்டும். ஒரு முள் பேட்டரி பாசிட்டிவில், இன்னொன்று ஹாரனின் பாசிட்டிவ் முனையில். அமுக்குங்கள். வரும் எண், பாசிட்டிவ் வழியில் தின்னப்பட்ட வோல்ட். அதேபோல ஹாரனின் அடுத்த முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே. இது எர்த் வழியில் போனது. எந்தப் பக்கம் அரை வோல்ட்டைத் தாண்டுகிறதோ அந்தப் பக்கம் வேலை இருக்கிறது. பழைய வேன்களில் எர்த் பக்கம்தான் அதிகம் மாட்டும். பாசிட்டிவ் வயரை எல்லோரும் பார்ப்பார்கள், எர்த் போல்ட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் இதன் தீவிரம் புரியும். நாலு ஆம்பியர் இழுக்கும் ஹாரனின் மின்தடை மூன்று ஓம் என்று வைத்துக்கொள்வோம். வழியில் துருப்பிடித்து அரை ஓம் சேர்ந்தால் ஹாரனுக்குக் கிடைப்பது சுமார் 10.3 வோல்ட். அதே இடத்தில் இரட்டை ஹாரன் இருந்தால் 9 வோல்ட்தான். சத்தம் போதவில்லை என்று இரண்டாவது ஹாரன் மாட்டியதும் இரண்டுமே முனகுவதற்குக் காரணம் இதுதான்.

அமுக்கினால் ‘டிக்’ என்று ஒரே ஒரு தட்டு. அப்புறம் ஒன்றும் இல்லை.

சத்தம் டேஷ்போர்டு பக்கம் வந்தால் அது ரிலே. ரிலே வேலை செய்கிறது, அதற்கப்பால் கரன்ட் போகவில்லை. ரிலேயின் உள்முனை கருகியிருக்கலாம், ஹாரன் வயர் அறுந்திருக்கலாம்.

சத்தம் ஹாரனிலிருந்தே வந்தால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஹாரனுக்குள் ஒரு காந்தச் சுருள், ஒரு மெல்லிய எஃகுத் தகடு, தொட்டுப் பிரியும் ஒரு ஜோடி பாயிண்ட் இருக்கின்றன. கரன்ட் வந்ததும் காந்தம் தகட்டை இழுக்கும். தகடு நகரும்போது பாயிண்ட்டைப் பிரித்துவிடும். கரன்ட் நின்றதும் தகடு பழைய இடத்துக்குத் திரும்பும், பாயிண்ட் மறுபடி சேரும். பள்ளிக்கூட அறிவியல் பாடத்தில் வந்த மின்சார மணி மாதிரிதான், வேகம் மட்டும் மிக அதிகம். விநாடிக்குச் சுமார் 400, 500 தடவை தகடு அதிர்வதால் அது நம் காதுக்கு ஒரே ஒலியாகக் கேட்கிறது.

‘டிக்’ என்று ஒரு தட்டோடு நின்றால் தகடு ஒரு முறை இழுக்கப்பட்டு அங்கேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். பாயிண்ட் பிரியவில்லை, அல்லது தகட்டைத் துரு கெட்டியாகப் பிடித்திருக்கிறது, அல்லது வோல்ட் போதாமல் பாயிண்ட் பிரியும் அளவுக்குத் தகடு நகரவில்லை. முதலில் பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்துப் பாருங்கள். நேரடி வயரில் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். நேரடிக் கரன்ட்டில் நன்றாக அடித்தால் வோல்ட் பிரச்சினை. அப்போதும் ‘டிக்’தான் என்றால் ஹாரனுக்குள் கோளாறு. அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். பாயிண்ட் பிரியாத நிலையில் சுருளில் கரன்ட் நிற்காமல் ஓடும், சீக்கிரம் சூடேறிக் கருகிவிடும்.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் மட்டும் ஹாரன் அடிக்கிறது. நேராக வைத்தால் அடிக்கவில்லை. ஏன்?

பழைய வேனுக்கென்றே உள்ள கோளாறு இது. சரிசெய்யச் செலவு அநேகமாக ஒன்றும் இல்லை.

ஸ்டியரிங் சக்கரம் சுற்றுகிறது, அதைத் தாங்கும் தண்டு உறை சுற்றாது. சுற்றும் பகுதியில் இருக்கும் பட்டனுக்கும் சுற்றாத பகுதியில் இருக்கும் வயருக்கும் இணைப்பு கொடுப்பது சக்கரத்தின் பின்புறம் உள்ள ஒரு பித்தளை வளையம். அதன்மேல் ஸ்பிரிங் வைத்த ஒரு பின் உரசிக்கொண்டே இருக்கும். கம்பெனியில் அந்த வளையத்தில் தடவிய கிரீஸ் பல வருஷத்தில் காய்ந்து, பித்தளைத் தூளோடு கலந்து, கறுப்புக் களிம்பாகிவிடும். சக்கரம் பெரும்பாலும் நேராக இருப்பதால் பின் ஒரே இடத்தில் உரசி அங்கே மட்டும் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கழற்றிப் பார்த்தால் வளையத்தின் மற்றப் பகுதி மஞ்சளாகவும், அந்த ஓர் அங்குலம் மட்டும் கறுத்தும் இருக்கும். நேராக ஓட்டும்போது பின் அந்தக் கறுப்பின்மேல் நிற்கிறது. திருப்பினால் நல்ல பித்தளைக்கு நகர்கிறது.

கழற்றும் முறை: பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். முன்சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங் நடுவில் உள்ள மூடியை எடுங்கள். சக்கரத்திலும் தண்டிலும் ஒரே நேர்கோட்டில் ஓர் அடையாளம் போடுங்கள். இதை விட்டால் மாட்டிய பிறகு ஸ்டியரிங் கோணலாக நிற்கும். நடு நட்டைத் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்றாமல் மூன்று நாலு மரை விட்டுவையுங்கள். சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டி இழுத்தால் அது திடீரென்று விட்டுக்கொடுக்கும். நட்டு இல்லையென்றால் நேராக முகத்தில் வந்து மோதும்.

வளையத்தைத் துணியால் துடைத்துக் களிம்பை எடுத்துவிட்டு, 400 நம்பர் உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். மஞ்சள் பளபளப்பு வந்ததும் நிறுத்துங்கள், வழுவழுப்பாக்குகிறேன் என்று பித்தளையைக் கரைக்க வேண்டாம். ஸ்பிரிங் பின்னை விரலால் அமுக்கிப் பாருங்கள். விட்டதும் துள்ளி வெளியே வர வேண்டும். சோம்பேறித்தனமாக வந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். பின் தேய்ந்து குட்டையாகிவிட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. கடைசியில் வளையத்தில் வாஸ்லினை மெல்லிசாக ஒரு பூச்சு. மாட்டும்போது நட்டை நன்றாக இறுக்குங்கள். இது ஹாரன் வேலை என்றாலும் கையில் இருப்பது ஸ்டியரிங். இறுக்கியதில் சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் ஒரு முறை காட்டிவிட்டு ஓட்டுங்கள்.

வளையம் சுத்தம் செய்தாயிற்று. இன்னும் பட்டன் பக்கம்தான் கோளாறு காட்டுகிறது.

அப்படியென்றால் பட்டனுக்கு எர்த் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஸ்டியரிங் தண்டு வழியாகத்தான். தண்டு பேரிங்குகளில் நிற்கிறது, பேரிங் முழுக்கக் கிரீஸ். சில வண்டிகளில் தண்டின் நடுவில் அதிர்வு வராமலிருக்க ரப்பர் இணைப்பும் இருக்கும். ரப்பர் கரன்ட்டைக் கடத்தாது என்பதால் அதைத் தாண்ட ஒரு சின்ன வயர் போட்டிருப்பார்கள். ஸ்டியரிங் வேலை பார்த்தவர்கள் அதைத் திரும்ப மாட்ட மறந்திருப்பது சகஜம். சோதனை எளிது. ஒரு வயரின் ஒரு முனையை ஸ்டியரிங் நடு நட்டிலும் மறுமுனையைப் பாடியிலும் பிடித்துக்கொண்டு ஹாரனை அமுக்குங்கள். அடித்தால் தண்டுக்கு எர்த் இல்லை.

என் வேனில் ஏர்பேக் இருக்கிறது. நானே ஸ்டியரிங்கைக் கழற்றலாமா?

வேண்டாம். ஆம்னியில் ஏர்பேக் கிடையாது. 2019 ஜூலையிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது, ஆகவே மாருதி ஈகோ போன்ற பிந்தைய வண்டிகளில் இருக்கும். அவற்றில் வளையமும் பின்னும் இல்லை, சுருட்டி வைத்த ரிப்பன் கேபிள்தான். அந்தப் பகுதியில் செக் பல்பு வைப்பதே ஆபத்து. தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள்.

ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்து நிற்கவே மாட்டேன் என்கிறது!

உடனே ஃபியூஸை உருவுங்கள். அது பிரேக் லைட்டுக்கும் சேர்ந்த ஃபியூஸாக இருந்தால் அப்படியே ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி, ஹாரனிலிருந்து வயரைப் பிடுங்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு, ஃபியூஸைத் திரும்பப் போடுங்கள்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். பட்டனின் ஸ்பிரிங் அல்லது ரப்பர் அமுங்கிச் சிக்கியிருக்கும், வெயிலில் நின்ற பழைய ஸ்டியரிங் மூடிகளில் இது அதிகம். அல்லது ரிலே முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், ரிலேயை உருவியதும் நின்றால் அதுதான். அல்லது ஹாரனிலிருந்து பட்டனுக்குப் போகும் வயர் எங்கோ தோல் உரிந்து பாடியில் படுகிறது.

மூன்றாவதை யோசித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். பட்டன் செய்வதே அந்த வயரை எர்த் ஆக்குவதுதான். ஆகவே அது பாடியில் பட்டால் ஃபியூஸ் போகாது, ஹாரன்தான் அடிக்கும். ஃபியூஸ் போகிறதென்றால் உரசியிருப்பது ஹாரனுக்கு வரும் பாசிட்டிவ் வயர். எந்த வயரைத் தேட வேண்டும் என்று கோளாறே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் பெரிய ஃபியூஸ் போடலாமா? கம்பி சுற்றிவிடலாமா?

கூடவே கூடாது. ஃபியூஸ் அளவு வயரின் தடிமனைப் பார்த்து முடிவு செய்தது. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. மூடியில் 15 என்று எழுதியிருக்கும் இடத்தில் 30 போட்டால் அடுத்த முறை உருகப்போவது ஃபியூஸ் இல்லை, வயர். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. பெட்ரோல் வண்டி, சிலவற்றில் எல்பிஜியும் உண்டு. பக்கவாட்டில் தள்ளும் கதவைத் திறந்து பின் சீட்டுப் பிள்ளைகளை இறக்க எவ்வளவு நேரமாகும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஃபியூஸ் இடத்தில் செம்புக் கம்பி சுற்றிய வண்டியை வாங்கினால், அதை எடுத்துவிட்டுச் சரியான ஃபியூஸ் போடுவதுதான் முதல் வேலை.

போவது ஹாரன் அமுக்கும்போதா, சும்மா இருக்கும்போதா என்று பாருங்கள். ஹாரன் வயரைக் கழற்றிவிட்டுப் புது ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸ் போகாமல் நின்றால் ஹாரன் உள்ளே ஷார்ட். அப்போதும் போனால் பாசிட்டிவ் வயரில் உரசல். தகட்டில் துளை போட்டு வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் பொடிந்து உதிர்ந்த இடத்தில் வெட்டு விழுந்திருக்கும்.

சத்தம் வருகிறது, ஆனால் கரகரவென்று தொண்டை கட்டியது போல இருக்கிறது.

இரட்டை ஹாரன் வண்டியென்றால் ஒன்று செத்திருக்கலாம். உயர்ந்த ஒலி ஒன்று, தாழ்ந்த ஒலி ஒன்று. ஒன்றின் வயரை மட்டும் கழற்றி அடித்துப் பார்த்தால் தெரியும்.

ஒற்றை ஹாரனென்றால் தாங்கியைப் பாருங்கள். ஹாரனைப் பிடித்திருக்கும் அந்தப் பட்டைத் தகடு கொஞ்சம் துள்ளும்படி செய்தது, அதுவும் அதிர்ந்தால்தான் ஒலி எடுபடும். இடம் போதவில்லை என்று ஹாரனின் முதுகைப் பாடியோடு சேர்த்து இறுக்கினாலோ, பம்பர் ஓரம் தொட்டுக்கொண்டிருந்தாலோ ஒலி அடங்கிப்போகும். நான் பார்த்த வண்டிகளில், தாங்கி போல்ட்டைக் கழற்றித் துருவைத் தேய்த்து, ஹாரன் எதையும் தொடாதபடி நிமிர்த்தி மாட்டியதிலேயே குரல் திரும்பியவை உண்டு. பிறகுதான் அட்ஜஸ்ட் திருகாணி.

அந்தத் திருகாணியை நானே திருப்பலாமா?

திருப்பலாம், பொறுமை இருந்தால். பல ஹாரன்களின் பின்பக்கம் ஓரமாக, பெயின்ட்டோ மெழுகோ வைத்து அடைத்த சின்னத் திருகாணி ஒன்று இருக்கும். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே கூடாது. அது காந்தத்துக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது, கலைந்தால் திரும்ப வராது.

இப்போது இருக்கும் நிலையை மார்க்கர் பேனாவால் குறித்துவிட்டு, எட்டில் ஒரு சுற்று மட்டும் ஒரு பக்கம் திருப்பி ஒரு விநாடி அடித்துப் பாருங்கள். மோசமானால் மறுபக்கம். மீட்டரில் 10 ஆம்பியர் அளக்கும் வசதி இருந்தால் ஹாரன் வயரின் நடுவே வரிசையில் மாட்டிப் பார்த்துக்கொண்டே திருப்புவது இன்னும் நல்லது. சத்தம் கூடுகிறதே என்று ஹாரனில் குறித்துள்ள ஆம்பியரைத் தாண்டிப் போகாதீர்கள், பாயிண்ட் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒரு முழுச் சுற்றுக்குள் குரல் தெளியவில்லையென்றால் குறித்த இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு, ஹாரனை மாற்றுங்கள். உள்ளே துருவேறிய ஹாரனை ரிவெட் உடைத்துத் திறந்து சரிசெய்யும் வேலையை நான் சொல்லமாட்டேன். சில வாரத்தில் மறுபடி படுக்கும், அதுவும் மலைப்பாதையில் படுத்தால் என்ன செய்வது? கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. எதிரே வரும் வண்டிக்கு வளைவின் முன்னாலேயே நாம் வருவது தெரிந்தாக வேண்டும்.

வாட்டர் வாஷ் செய்த மறுநாளிலிருந்து ஹாரன் சரியில்லை. மழையிலும் இப்படித்தான்.

அழுத்தமான தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பெரும்பாலும் வெயிலில் ஒரு நாள் நிறுத்தினால் சரியாகும். நத்தை வடிவ ஹாரனென்றால் வாய் கீழ்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். மேலே பார்த்திருந்தால் மழைத்தண்ணீரைச் சேர்த்துவைக்கும். வாஷ் செய்கிறவரிடம் முன் கிரில் வழியாக நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் முனைகள் சீக்கிரம் பச்சை பூக்கும். சுத்தம் செய்து மாட்டிய பிறகு முனைமேல் வாஸ்லின் தடவிவைத்தால் பூப்பது குறையும்.

இரட்டை ஹாரன் போட ஆசை. ரிலே அவசியமா?

அவசியம். ரிலே இல்லாமல் போட்டால் எட்டு, பத்து ஆம்பியரும் அந்தச் சின்னப் பித்தளை வளையம் வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு அமுக்கலிலும் தீப்பொறி, கொஞ்ச நாளில் கறுப்புப் பள்ளம். ரிலே போட்டால் பட்டன் வழியே ஓடுவது அரை ஆம்பியர்கூட இராது. ஒற்றை ஹாரன் வைத்திருக்கும் பழைய வேனுக்கும் ரிலே போடச் சொல்லுவேன். சத்தத்தில் வித்தியாசம் காதில் கேட்கும்.

பழைய வயரிங்கை வெட்டவே வேண்டாம். ஹாரனுக்கு வந்துகொண்டிருந்த பழைய வயர் இரண்டையும் உருவி ரிலேயின் 86, 85 கால்களில் மாட்டுங்கள். பாசிட்டிவ் வயர் 86-இல், பட்டனுக்குப் போகும் வயர் 85-இல். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றைப் புதிதாக இழுத்து 30-ஆம் காலில் கொடுங்கள். அந்த வயரில் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். 87-ஆம் காலிலிருந்து இரண்டு ஹாரனின் ஒரு முனைக்கும் வயர். ஹாரன்களின் அடுத்த முனை, பெயின்ட் சுரண்டிய நல்ல இரும்பில் தனி எர்த். ஐந்து கால் ரிலே கிடைத்தால் நடுவில் உள்ள 87ஏ காலைக் காலியாக விடுங்கள். தெரியாமல் அதில் ஹாரனை மாட்டினால் அமுக்காதபோது அடிக்கும், அமுக்கினால் நிற்கும்.

ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி, தண்ணீர் தெறிக்காத இடத்தில் மாட்டுங்கள். எஞ்சினை ஒட்டி வயர் போனால் சூட்டில் தோல் மொறுமொறுவென்று உடையும். உறை போட்டுத் தள்ளிக் கட்டுங்கள்.

ஏர் ஹாரன், மியூசிக் ஹாரன் போட்டால் போலீஸ் பிடிக்குமா?

பிடிக்கலாம், பிடிக்கவும் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 119-ஆம் விதி, வண்டி வருவதைத் தெரியப்படுத்தப் போதுமான ஹாரன் இருக்க வேண்டும் என்கிறது. அதே விதி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுரங்களில் ஒலிக்கும் ஹாரனையும், காதைக் கிழிக்கும், திடுக்கிடவைக்கும் ஒலியையும் தடுக்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்றவற்றுக்குத் தனி அனுமதி உண்டு. உயர்ந்ததும் தாழ்ந்ததுமாக இரண்டு ஹாரன் ஒரே நேரத்தில் ஒலிப்பது இதில் வராது.

தேவையில்லாமல் அடித்துக்கொண்டே போனாலும், ஹாரன் தடை போர்டு உள்ள இடத்தில் அடித்தாலும் மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை குடியிருப்புப் பகுதிகளில் அவசரம் தவிர ஹாரன் கூடாது என்பது ஒலி மாசு விதிகளில் உள்ளது. பள்ளி வேனுக்கு மியூசிக் ஹாரன் கேட்கிறார்கள். பிள்ளைகளை அழைக்க வாசலில் ஒரு முறை சாதாரண ஹாரன் போதும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தையும் முதியவரும் இருப்பார்கள்.

எஃப்சி-க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகிறேன். ஹாரன் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

திருப்பி அனுப்பிவிடுவார்கள். எட்டு வருஷம் தாண்டிய வாடகை வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கும்போது பார்ப்பார்கள். போவதற்கு முதல் வாரமே எஞ்சின் ஓடும்போதும், நிறுத்திவிட்டும், ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பியும் அடித்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் நன்றாக அடித்தால் பேட்டரி பலவீனம். நிறுத்திவைத்த வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில்.

எலக்ட்ரீஷியன் முழு வயரிங்கையும் மாற்றச் சொல்கிறார். நம்பலாமா?

ஹாரனுக்காக மட்டும் என்றால் அவசரப்படாதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஹாரன் கப்ளர் அருகே வயரை ஒரு விரற்கடை வெட்டித் தோலை உரித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே செம்பு சிவப்பாகப் பளபளத்தால் வயர் நல்லது, முனையை மட்டும் புதிதாக அடித்தால் போதும். கறுத்திருந்தால் இன்னும் ஒரு சாண் உள்ளே வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே சிவப்பு தெரிந்தால் அதுவரை மட்டும் மாற்றிப் பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடலாம். அங்கேயும் கறுப்பு, தோலும் வளைத்தால் உடைகிறது, ஹெட்லைட்டும் மங்கல், வைப்பரும் மெதுவாகப் போகிறது என்றால் அவர் சொல்வது நியாயம்தான். எவ்வளவு ஆகும் என்று பேசி முடித்துவிட்டு வண்டியை விடுங்கள், ஹாரன் ரிலேயையும் அதோடு சேர்த்துப் போட்டுவிடச் சொல்லுங்கள்.